இத்தா இருந்த கார்

என் மகளின் வாப்பாவே, உங்களுக்கு என் ஸலாம்.

உங்களை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமான புதிதில் "இஞ்சாருங்க". மகள் பிறந்த பிறகு "மகள்ர வாப்பா". இப்போது திடீரென்று பெயரை எழுதினால், யாரையோ கூப்பிடுகிறாள் என்று நீங்கள் பேசாமல் படுத்திருப்பீர்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் மையவாடிக்கு, நீங்கள் அடங்கியிருக்கும் இடத்துக்கு, வருவதில்லை, அதனால்தான் கடிதம். மற்றவர்களும் வாசிக்கட்டும். நீங்கள் இருந்திருந்தால் இந்தக் கதையைக் கல்முனை பஸ் ஸ்டாண்டில் நின்று போகிற வருகிற எல்லோருக்கும் சொல்லியிருப்பீர்கள்தானே?

உங்கள் காரை விற்கப் பார்த்தார்கள். வேறு யாருமில்லை, என் காக்காதான். கூடப் பிறந்த அண்ணன், என்மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை.

உங்கள் ஜனாஸாவை எடுத்துக்கொண்டு போனதும் நான் இத்தாவில் உட்கார்ந்தேன். புருஷன் மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்க வேண்டிய அந்த நாலு மாதத்துச் சொச்சத்தை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். அழுவதற்கும் ஓதுவதற்கும் யாரும் எதுவும் கேட்காத ஒரு காலம் வேண்டித்தான் இருந்தது. ஆனால் காக்கா ஒரு வேலை செய்தார். அடுத்த நாள் காலை பெரிய தறப்பாள் ஒன்றைக் கொண்டுவந்து காரை மூடி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டினார்.

"மௌத்தான ஆட்ர வாகனம். நீ இத்தா முடிக்கும் வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கப்படா" என்றார்.

"காக்கா, கிழமைக்கு ஒருக்காலாச்சும் ஸ்டார்ட் பண்ணணும். இல்லாட்டி பெட்டரி செத்திரும்."

"என்ன கதை கதைக்கிற நீ? ஊர் என்ன சொல்லும்? ஆள் கபுறுக்குப் போய் ஈரம் காயல்ல, வீட்ல கார் ஓடுதாம் எண்டு சொல்லும்."

மார்க்கத்தில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் யோசித்தார். இல்லைதான், ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே என்றார். அவ்வளவுதான், என்னோடு சேர்ந்து உங்கள் காரும் இத்தா இருந்தது. நான் வெள்ளை உடுத்து உள்ளே, அது நீலத் தறப்பாள் போர்த்து வெளியே. எங்கள் கடல் காற்றை உங்களுக்குத் தெரியும், இரும்பைக் கண்டால் விடாது. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போதெல்லாம் துரு எங்கே தொடங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

காக்காவின் கணக்கு வேறு. தனியாகிப் போன பெண்ணுக்குக் கார் எதற்கு? மகள் கட்டாரில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு அவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார், பின்னேரம் போய்க் கூட்டிவருவார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் சம்மாந்துறைக்கு அங்கால், வயலுக்கு நடுவில். பஸ் வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. இனி ஒவ்வொரு காலையும் ஒருவரின் வசதி பார்த்துக் காத்து நிற்க வேண்டுமா? அன்பாகத்தான் கொண்டுபோவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் போக வேண்டிய இடத்துக்குக் கேட்காமல் போய்ப் பழக்கிவிட்டது நீங்கள்தானே?

சீனி வருத்தம் உங்கள் கண்ணைப் பிடித்த வருடம் அது. டொக்டர் இனி ஓட்ட வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் தந்தீர்கள். "வித்துப் போடுங்க" என்றுதான் நான் சொன்னேன். "விக்கிறதா? நீ ஓட்டு. நான் இடப்பக்கம் குந்திக்கிறன்" என்றீர்கள். வயல் ரோட்டில் பழகினோம். மாடு வந்தது, உழவு மெஷின் வந்தது, நெல் மூட்டை லொறி வந்தது, எல்லாவற்றுக்கும் நான் நடு ரோட்டில் நிறுத்தினேன். நீங்கள் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. பெண்சாதி ஓட்டப் புருஷன் குந்திக்கொண்டு போகிறான் என்று பள்ளிவாசலில் கதைத்தார்களாமே. "இவ்வளவு நாளும் நான் ஓட்ட அவ குந்தி வரல்லியா? அப்ப ஒருத்தருக்கும் வாய் இல்லாமப் போச்சா?" என்று கேட்டீர்களாம். அதைக் காக்காதான் வந்து என்னிடம் சொன்னார், பாதி கோபம், பாதி சிரிப்பு.

இத்தாவில் எனக்குப் பொழுது போகவில்லை. ஓதி முடித்த நேரங்களில் போனில் உங்கள் கம்பெனியை, அதுதான் இந்தக் காரைச் செய்த கம்பெனியை, பற்றித் தேடி வாசித்தேன். பெயரை இங்கே எழுதமாட்டேன், காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாள் என்பார்கள். உங்களுக்குத் தெரியும், அது போதும். அந்தக் கம்பெனியின் கதையை, கல்யாணங்களுக்கு வாடகைக் கார் ஓட்டி நீங்கள் ஹயர் போன ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் சொன்னீர்கள். பெண் வீட்டுக்குப் போகிற பதற்றத்தில் இருந்தவர்களுக்கு ஜப்பான்காரன் கதை! நீங்கள் பாதிக்கு மேல் கயிறு திரிக்கிறீர்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

திரிக்கவில்லை. ஹிரோஷிமாவில் அவர்கள் முதலில் செய்தது கார் இல்லை, தக்கை. போத்தலுக்கு அடைக்கிற தக்கைதான். அந்த வேலை சரிவராமல் மெஷின்கள் செய்து, பிறகு மூன்று சக்கரத்தில் சாமான் ஏற்றும் வண்டி செய்தார்கள். எங்கள் ஓட்டோவுக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா என்று நீங்கள் சொல்வீர்களே, படத்தைப் பார்த்தேன், முகச்சாயல் இருக்கத்தான் செய்கிறது. அணுகுண்டு விழுந்தபோது தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு சின்ன மலை நின்றதும் உண்மை. கட்டிடம் மிஞ்சியது. அழிந்த ஊரின் அரசாங்க அலுவலகங்கள் அந்தத் தொழிற்சாலைக்குள்தான் கொஞ்சக் காலம் இயங்கின. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே மூன்று சக்கர வண்டிகள் திரும்பவும் வெளியே வந்துவிட்டன.

சுனாமிக்குப் பிறகு முகாமில் இதை நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? சம்மாந்துறைப் பள்ளிக்கூட வகுப்பறை. நம் ஊர், சாய்ந்தமருது ஆட்கள் யாருக்கும் வாயில் பேச்சில்லை. வீடு போனவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர். நம் வீடும் போய்விட்டது. கார் மட்டும் திருத்த வேலைக்கு அம்பாறைக் கராஜில் நின்றதால் தப்பியது. "எங்கட காரும் மலைக்குப் பின்னால நிண்டுட்டு" என்று தொடங்கி, சாம்பலாகப் போன ஊரில் முதலில் ஓடிய அந்த வண்டிகளைச் சொன்னீர்கள். இந்த நேரத்தில் இந்த மனிசனுக்குக் கார்க் கதையா என்று எனக்கு எரிச்சல். ஆனால் ஒரு ஆள் தலையை நிமிர்த்தி, "மறுகா என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். மூன்று நாளாக ஒரு சொல் பேசாத மனிதர் அவர்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றையும் வாசித்தேன். அன்று காலை வேலைக்காக நகரத்துக்குள் போயிருந்த தொழிலாளர்கள் பலர் திரும்பி வரவில்லை. மலை எல்லோரையும் மறைக்கவில்லை. உங்களுக்கு இது தெரியாதா? இல்லை, அந்த வகுப்பறையில் இருந்த முகங்களைப் பார்த்து, தெரிந்துதான் விட்டீர்களா?

நீங்கள் சொன்ன, உள்ளே முக்கோணம் சுற்றுகிற எஞ்சின் கதையும் சரி. மற்றக் கம்பெனிகள் ஏறத்தாழ எல்லாம் கைவிட்டதை இவர்கள் விடாப்பிடியாகப் பிடித்தார்கள். எஞ்சினின் உள்சுவரில் விழுந்த கீறல்களுக்கு "சைத்தான்ட நகம்" என்று பெயர் வைத்ததும் உண்மைதான். கீறலை ஒழித்தார்கள், ஆனால் அது பெற்றோலைக் குடித்துத் தள்ளியது. எண்ணெய் விலை ஏறியதும் கம்பெனி தள்ளாடிப் போய், தொழிற்சாலையில் வேலை செய்தவர்களையே கார் விற்கத் தெருவுக்கு அனுப்பினார்கள். கடைசியில் காப்பாற்றியது ஒரு சின்னக் குடும்பக் கார். மலிவு என்று யாராவது சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "மலிவில்ல, கைக்கு எட்டுற கார். வாத்தியாருக்கும் எட்டும், மீன் யாவாரிக்கும் எட்டும். ஆனா வளைவுல திருப்பிப் பாருங்க, பணக்காரன்ட கார் தோத்துப் போகும்" என்பீர்கள். நம் வாசலில் நின்ற நீலக் கார் அதன் வாரிசு. பிறகு, இந்தக் காலத்தில் யார் வாங்குவான் என்று உலகமே நினைத்த ரெண்டு பேர் குந்துகிற கூரை திறந்த காரையும் செய்தார்கள். குதிரையும் ஏறியவரும் ஒன்றாக வேண்டும் என்பதுதான் அவர்களுடைய எண்ணமாம். இதை நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லை. இடப்பக்கம் குந்திக்கொண்டு, "ஸ்டியரிங்கை நெரிக்காத, அது உன்ட எதிரியில்ல" என்று மட்டும் சொன்னீர்கள்.

இத்தா முடிந்தது. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காக்கா மருதமுனையிலிருந்து காரை வாங்க ஒருவரைக் கூட்டிவந்தார். தறப்பாளை அவிழ்த்தார்கள். தூசியும் துருவுமாக, டயர் அமர்ந்துபோய், பார்க்கவே பாவமாக இருந்தது. காற்று அடித்தார்கள். வந்தவர் சாவியைத் திருப்பினார். டிக், டிக். அவ்வளவுதான்.

"செத்த வாகனத்தையா காட்டக் கூட்டிவந்தீங்க?" என்று சிரித்தார்.

காக்காவின் முகம் சிவந்து போனது. விற்க நினைத்தவர்தான், ஆனால் மச்சான் தன் பிள்ளைபோல் வளர்த்த வாகனத்தை ஒருவர் செத்தது என்று சொன்னால் தாங்குவாரா?

"ஆர் சொன்ன செத்த எண்டு? தள்ளினா ஓடும்" என்றார்.

தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஸ்டியரிங்கில் யார் குந்துவது? காக்காவுக்கு மோட்டார் சைக்கிளைத் தவிர ஒன்றும் தெரியாது. வந்தவர் கையைக் கட்டிக்கொண்டார். "எனக்கு இந்த வாகனத்துர குணம் தெரியா. தெரிஞ்ச ஆள் ஓட்டிக் காட்டட்டும்."

காக்கா தலையைச் சொறிந்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, வா புள்ள. நீ ஏறு."

நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு போய் ஏறினேன். சாவியைத் திருப்பி, கிளட்ச்சை மிதித்து, ரெண்டாம் கியரில் போட்டேன். "பிஸ்மில்லா!" என்று தள்ளினார்கள். கார் உருண்டது, வேகம் பிடித்தது, கிளட்ச்சை விட்டேன். ஒரு குலுக்கல், பின்னால் கரும்புகை, இருமல். அப்படியே எஞ்சின் பிடித்துக்கொண்டது. உங்கள் காரின் அந்தச் சத்தம்! நான் பிரேக்கில் கால் வைக்கப் போனேன். பின்னாலிருந்து காக்கா கத்தினார். கண்ணாடியில் பார்த்தால் மனுஷன் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறார்.

"நிப்பாட்டாத புள்ள! நிப்பாட்டினா அணைஞ்சிரும்! ஓட்டு! ஓட்டிக்கிட்டே போ!"

போனேன். பெரிய ரோட்டில் ஏறி, காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை ரோட்டில் வயலுக்கு நடுவே போனேன். நெல் கதிர் தள்ளியிருந்தது. இடப்பக்கம் யாருமில்லை. அழுதேன். ஆனால் வளைவுகளில் கார் என் கைக்குள் வந்து வந்து நின்றது, அழுதுகொண்டே கொஞ்சம் வேகமாகவும் ஓட்டினேன். உங்களுக்கு நன்றி, மகள்ர வாப்பா. வீடு தந்தீர்கள், பிள்ளை தந்தீர்கள், அதையெல்லாம் எல்லாப் புருஷன்மாரும் தருவார்கள். ஊர் பார்க்க இந்த ஆசனத்தை எனக்குத் தந்துவிட்டுப் பக்கத்தில் நிம்மதியாகக் குந்தியிருக்க உங்களுக்கு முடிந்ததே, அதற்கு நன்றி.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்து, மஃரிபுக்குப் பாங்கு சொல்ல நேரமாகியிருந்தது. வந்தவர் இன்னும் வாசலில் நின்றார், இப்போது அவர் பேச்சு வேறு. நல்ல எஞ்சின், இன்றைக்கே கதையை முடிப்போம் என்றார். நான் எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே இருந்தேன். கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. காக்கா என்னைப் பார்த்தார். ஓடிய களைப்பில் இன்னும் மூச்சு வாங்கியது அவருக்கு.

"இல்ல தம்பி, குறை நினைக்காதீங்க" என்றார். "ஓட்ட ஆளில்லாத வாகனம் எண்டு நினைச்சித்தான் உங்களக் கூட்டி வந்த. ஆள் இருக்கி."

அடுத்த நாள் புதுப் பெட்டரி போட்டார்கள். இப்போது பள்ளிக்கூடத்துக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். காக்கா இடப்பக்கம் குந்தி, கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்து, வாய்க்குள் ஓதிக்கொண்டே சம்மாந்துறைச் சந்தை வரை வருகிறார். இறங்கியதும் "மெல்லப் போ" என்கிறார், அதோடு சரி.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி நம் ஊரில் எந்தப் பெண் இத்தாவில் உட்கார்ந்தாலும், அவள் வீட்டு வாசலில் ஒரு வாகனம் நின்றால், கிழமைக்கு ஒருமுறை நான் போவேன். ஸலாம் சொல்லிச் சாவியை வாங்கி, ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடாகும் வரை இருந்துவிட்டு வருவேன். உள்ளே இருக்கிறவளுக்கு அந்தச் சத்தம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் உம்மா