அன்ரனுக்கு ஒரு திகதி

திங்கள்
விடாத மழை. படகுச் சேவை இன்றும் இல்லை. கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வேலைக்கு நனைந்துதான் போனேன். போன கிழமைப் புயலில் கவிழ்ந்த படகில் மூன்று பேர். இருவரின் உடல் நாரந்தனைக் கரையில் ஒதுங்கியது. அன்ரனை இன்னும் காணவில்லை. மூன்று குடும்பத்துக்கும் அரசாங்க உதவி கேட்க மனேச்சர் விபரம் கேட்டார். கணினியில் பெயர்கள் ஒரு தாளில், இறந்த திகதி இன்னொன்றில். திகதியைக் கணினியே தேடிப் பெயருக்கு நேரே எடுக்கும்படி சூத்திரம் போட்டு, அச்செடுத்து அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். சரிபார்க்கவில்லை. தலையிடி.

செவ்வாய்
அன்ரனின் மனைவி ஜெசிந்தா அக்கா வந்தார். பலகையை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அன்ரனின் பெயருக்கு நேரே 00/01/1900.
"தங்கச்சி, இதென்ன திகதி? அவரைச் செத்தவரெண்டு போட்டிட்டீரோ?"
"இல்லையக்கா. அந்தக் கட்டத்திலை ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லாட்டி கொம்பியூட்டர் பூச்சியமெண்டு எடுக்கும். பூச்சியத்தைத் திகதியாக் காட்டினா இப்பிடித்தான் வரும்."
"பூச்சியமோ? அப்ப ஆள் இல்லையெண்டுதானே சொல்லுது."
தாளைக் கிழித்தெடுத்தேன். அவர் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

புதன்
காலை முழுக்க அதே வேலை. முதலில் திகதியின் வடிவத்தை மாற்றினேன். பூச்சியம் மறைந்தது. ஆனால் உள்ளேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. மனம் ஒப்பவில்லை. சூத்திரத்தையே மாற்றினேன்: தேடிய இடம் வெறுமையென்றால் வெறுமையாகவே விடு. இப்போது வெள்ளைக் கட்டம்.
மனேச்சர் எட்டிப் பார்த்தார். "திகதி இல்லாமல் அனுப்பேலாது பிள்ளை. திருப்பி அனுப்புவினம். புயலடிச்ச நாளைப் போட்டுவிடும்."
"அவவைக் கேக்காமல் ஏலாது, சேர்."
"அப்ப கேளும்."
பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. மழை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழன்
போனேன். ஜெசிந்தா அக்கா குசினியில், அடுப்பு மூட்டாமல். மூத்த மகள் வெறும் தேத்தண்ணி தந்தாள். எந்தத் திகதி போடலாம் என்று கேட்டேன்.
"நான் சொல்லமாட்டன். சொன்னா நானே அவரைக் கொன்றமாதிரி."
கொடியில் அன்ரனின் சறம், நனைந்தபடி. எடுக்க யாரும் இல்லையா, எடுக்க மனமில்லையா. கேட்கவில்லை.

சனி
வெயில். அம்மாவுக்கு இருமல், மருந்து வாங்க வேண்டும். அக்கா தானாகவே சங்கத்துக்கு வந்தார், கடைசிப் பிள்ளை இடுப்பில். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை.
"போடும் தங்கச்சி. பிள்ளையளுக்கு ஒண்டும் இல்லை."
"புயலடிச்ச நாளையோ, அக்கா?"
"வேண்டாம். அண்டைக்கு விடிய என்னோடை கதைச்சுச் சிரிச்சிட்டுப் போனவர். அந்த நாள் வேண்டாம். அடுத்த நாளைப் போடும்."
போட்டேன்.