கோட்டைத் தாண்டிய மஞ்சள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு முதல் பத்தியை வீணாக்கப் போவதில்லை. நேற்று மதியம் நம் படத்தை முதன்முதலாக வெளி ஆட்களுக்குப் போட்டுக் காட்டினோம். தியேட்டர் நிறைந்துவிட்டது. படம் ஜெயித்துவிட்டதடா! இதைக் கொட்டிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும், இல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே "மீட்டிங் இருக்குக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. தவிர, நீ செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்.

படமாக்க அனுமதி கேட்டபோது நீ என்ன எழுதினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "ஓட்டை வாளி அத்தையை வெச்சு என்ன வேணா பண்ணிக்கோ, என் பேரை மட்டும் போட்டுடாதே" என்று எழுதினாய். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். நீ வரைந்து, அப்பா தன் அச்சகத்தில் அடித்து, நான் கடை கடையாக ஏறி இறங்கிப் போட்ட சித்திரக்கதைப் புத்தகம் அது. மஞ்சள் கவுனும் ஓட்டை வாளியுமாக அலைந்து, அடுத்தவர் விக்கலையும் தும்மலையும் திருடுகிறவர்களைப் பிடிக்கும் ஓர் அத்தையை வேறு யாருக்கு யோசிக்கத் தோன்றும்? அந்தக் கோளாறு மூளை உனக்கு மட்டும்தான் உண்டு.

ஆனால் உனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்தப் பத்திரிகைக்காரன் எழுதியதுதான். ‘கண்ணாடி கழன்று விழுந்தவன் வரைந்த கதை’ என்று கிண்டலடித்தானே, அது. அச்சில் மஞ்சள் நிறம் கறுப்புக் கோட்டுக்குள் நிற்காமல், பக்கத்துக்குப் பக்கம் ஒரு விரல் அளவு வலது பக்கம் தள்ளி விழுந்திருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தான். ஊரும் சேர்ந்து சிரித்தது. நீ பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கழிவுநீர்க் குழாய்களுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடும் வேலைக்குப் போய்விட்டாய். நேர்கோடு! நீ!

நான் என்ன செய்தேன் தெரியுமா? தள்ளிப்போன அந்த மஞ்சளை அப்படியே படத்துக்குள் கொண்டுவந்தேன். அத்தையின் கவுனை வெள்ளையில் வெட்டி, ஓரமெல்லாம் கறுப்புக் கயிறு தைத்து, அதன் மேல் மஞ்சள் துணியை ஒரு விரல் வலப்பக்கம் தள்ளிப் பொருத்தச் சொன்னேன். இடது ஓரத்தில் வெள்ளைத் துணி பல்லைக் காட்டும், வலது ஓரத்தில் மஞ்சள் உடம்பைத் தாண்டி விறைப்பாக நிற்கும். டெய்லர் மாஸ்டர் என் நெற்றியைத் தொட்டு ஜுரமா என்று பார்க்காத குறைதான். "ஏம்மா, துணியைக் கோட்டுக்குள்ள நிக்க வைக்கத்தானே இத்தனை வருஷமா சம்பளம் வாங்குறேன்" என்று புலம்பினார். உன் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். மறுவாரம் அவரே வந்து, ஒரு விரல் போதாது, ஒன்றரை விரல் தள்ளினால்தான் கேமராவில் தெரியும் என்று என்னிடம் சண்டை போட்டார்.

அப்புறம்தான் வந்தது வினை. அத்தையாக நடித்த பெண் திரும்பி நடந்தால், வலதில் இருந்த மஞ்சள் இடதுக்குப் போய்விடுகிறது. உன் கதையிலோ அது எப்போதும் வலதில்தான். தலையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் ஒரு சட்டம் போட்டேன்: இந்தப் படத்தில் யாரும் முதுகைக் காட்டக் கூடாது. அறையை விட்டுப் போவதென்றாலும் பின்னாலேயே நடந்துதான் போக வேண்டும். முதல் நாள் அந்தப் பெண் தன் வாளியிலேயே இடறி விழுந்தாள். எழுந்தவள் "இருங்க, இதுல ஏதோ இருக்கு" என்று சொல்லி, நண்டு மாதிரி ஒரு நடை கண்டுபிடித்தாள். நேற்று தியேட்டரிலிருந்து குழந்தைகள் அந்த நடையில்தான் வெளியே போனார்கள். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து ஒரே ரகளை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் செட்டுக்குப் புதிதாக ஒரு பெயின்டர் வந்தார், தங்கமான மனுஷன். நாங்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், கவுனைப் போலவே மஞ்சளைத் தள்ளிப் பூசியிருந்த செட் தெருவின் ஒரு கதவைப் பார்த்து, வழிந்துவிட்டதென்று பரிதாபப்பட்டு, சுரண்டி எடுத்து, கோட்டுக்குள் அழகாகப் பூசி வைத்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்து பார்த்தால் என்னமோ சரியில்லை. என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. கேமராமேன் லென்ஸைக் கழற்றித் துடைத்தார். அத்தை தனக்குத் தலை சுற்றுகிறது என்றாள். டெய்லர் மாஸ்டர்தான் கையை நீட்டி, "அந்தக் கதவு சரியா இருக்கு, அதான் தப்பு!" என்று கத்தினார். பெயின்டர் பேந்தப் பேந்த விழிக்க, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் மேக்கப் அறைக்குள் போய் அழுதேன். அத்தனை பேரும் உன் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டார்கள், நீ மட்டும் அங்கே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

தயாரிப்பாளர் கதை வேறு. நல்லவர், ஆனால் பயந்தாங்கொள்ளி. "ஜனங்க கண்ணு வலிக்குதுன்னு சொல்லிட்டா, கம்ப்யூட்டர்ல போட்டு எல்லா மஞ்சளையும் உள்ள தள்ளிடுவேன்" என்று முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். நேற்றைய காட்சிதான் தீர்ப்பு என்று பேச்சு. படம் ஆரம்பித்ததும் என் முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார். மறுபடி துடைத்தார். அத்தை முதல் விக்கல் திருடனை வாளிக்குள் கவிழ்த்தபோது அதே மனுஷர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் தியேட்டர் அடங்கவே இல்லை.

கடைசிக் காட்சி உனக்குத் தெரியுமே, கொட்டாவித் திருடனின் மூட்டையை அத்தை அவிழ்த்துவிடும் இடம். தூக்கம் இல்லாமல் தவித்த ஊருக்கு அதன் கொட்டாவியெல்லாம் திரும்பக் கிடைக்கும். திரையில் அத்தை ஒரு கொட்டாவி விட்டாள், தெரு விட்டது, உடனே தியேட்டரே வாயைப் பிளந்தது! தயாரிப்பாளர் என் கையை இறுக்கிப் பிடித்து, "போச்சும்மா, எல்லாரும் தூங்குறாங்க" என்று முனகினார். "தூங்கலை சார், அவங்கவங்க கொட்டாவியை வாங்கிக்கிறாங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே ஒன்று வந்துவிட்டது. ஜனங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து நின்று கை தட்டினார்கள். கொட்டாவி விட வைத்ததற்காகக் கைதட்டல் வாங்கிய டைரக்டர் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இப்போது தயாரிப்பாளர், "மஞ்சள்ல எவனாவது கை வெச்சா கையை ஒடச்சிடுவேன்" என்று திரிகிறார்.

இனி அப்பா. நீ வேலைக்குக் கிளம்பிப் போன அந்த வாரமே அவர் தன் பழைய அச்சு மிஷினை எடைக்குப் போட்டுவிட்டார், உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு இடத்தை அடைக்கிறது என்றார். நேற்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும், "அது என் மிஷின் பண்ண தப்பும்மா. புள்ளை வாழ்க்கையையே கெடுத்துட்டேன்னு நெனச்சுட்டிருந்தேன். அதுக்குப் போயி கை தட்டுறாங்களே!" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "அந்த மஞ்சளைத் தள்ளினது நான்தான்" என்று ஒரே அலட்டல். சில பேர் அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பிறகு என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "வரைஞ்சது யாருன்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன்.

இப்போது அந்தக் காரியம். படத்தில் பெயர் போடும் முதல் அட்டையில் ‘கதையும் சித்திரமும்’ என்று போட்டு, கீழே வெறும் மஞ்சளாக விட்டிருக்கிறேன். உனக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. இந்த மாதக் கடைசியில் படத்தின் இறுதிப் பிரதி போய்விடும். அதற்குள் பெயர் வராவிட்டால் அந்த இடத்தில் ‘ஒரு பழைய சித்திரக்கதையைத் தழுவியது’ என்று போடப் போகிறார்கள். பழையதாம்! பெற்றவன் பெயர் தெரியாத பிள்ளை மாதிரி அத்தை ஊர் ஊராகப் போவாள். நீ வேண்டாமென்றால் நான் போட மாட்டேன், அது சத்தியம். ஆனால் இனி உன்னைப் பார்த்துச் சிரிக்க யாரும் இல்லையடா. நேற்று சிரித்தவர்கள் எல்லாரும் உன்னோடு சேர்ந்துதான் சிரித்தார்கள்.

இதோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அதில் உன் பெயரைக் கறுப்பு மையில் உன் கையாலேயே எழுதி அனுப்பு. ஸ்கேல் வைத்தாயானால் கொன்றுவிடுவேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். ரொம்பவும் நேராக மட்டும் இருந்துவிடாதே. அப்பா பிரஷ்ஷைக் கழுவி, மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீ எழுத்துக்குக் கறுப்புக் கோட்டை மட்டும் போட்டு அனுப்பு. மஞ்சளைத் தள்ளிவிட அவர் இருக்கிறார்.

ஒன்றரை விரல் கூடுதலான அன்புடன்,
உன் அக்கா