இரண்டேகால் மணி தூரம்

நூம்பல்,
8.6.2025

அன்புத் தங்கை நாகவல்லிக்கு, அண்ணன் செங்கல்வராயன் சொல்ல, மாடியில் குடியிருக்கும் ஹேமாவதி எழுதுவது.

பங்களாதேஷ் சண்டை ஓய்ந்து, ஆவடியில் தெருவிளக்கை மறுபடி எரியவிட்டார்களே, அந்தத் தை மாதம்தான் உன்னைக் கட்டிக்கொடுத்தோம். கப்பலில் போர்ட் பிளேர் போய்ச் சேர மூன்று நாள். இவ்வளவு தூரத்திலா பெண்ணைக் கொடுப்பார்கள் என்று ஊரே ஏசியது.

இப்போது என் மகன் விக்ரம் போனில் பார்த்துச் சொல்கிறான். மீனம்பாக்கத்திலிருந்து உன் ஊர் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டராம். விமானத்தில் இரண்டேகால் மணியாம். "மெட்ரோ வேல நடக்கற ரோட்ல பூந்தமல்லிலேர்ந்து பாரிமுனை போற நேரந்தான் நைனா" என்கிறான்.

உன் காதுக்கு விமானம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் கத்தினாலும் உனக்குக் கேட்பதில்லை. சுனாமிக்கு மறு வருஷம் பார்த்த முகம். அதனால் நானே வருகிறேன். ஜூலை பதினொன்று, காலை விமானம்.

கருவாடு கொண்டுவரவா? கடலுக்கு நடுவில் இருக்கிற ஊருக்கா என்று ஹேமாவதி சிரிக்கிறாள்.

உன் அண்ணன்,
செங்கல்வராயன்

போர்ட் பிளேர்,
12.7.2025

அண்ணாத்தே,

நேற்று விடிந்ததுமே விமான நிலைய வாசலில் போய் நின்றுவிட்டேன். மழை கொட்டியது. பேத்தி கவிப்பிரியா என் தோளைத் தட்டி மேலே கை காட்டினாள். விமானச் சத்தம் கேட்கிறதாம். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வெறும் மேகம். வெகுநேரம் அப்படியே நின்றோம். பிறகு ஒவ்வொருவராகத் தலையை இறக்கிக்கொண்டார்கள். இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பிவிட்டது என்று கவி எழுதிக் காட்டுமுன்பே எனக்கு விளங்கிவிட்டது.

உனக்கு ஆக்கிய இறால் குழம்பை டாக்சிக்காரனுக்குப் போட்டேன். ருசித்துச் சாப்பிட்டான். அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

இனி வர வேண்டாம் அண்ணாத்தே. இந்த வயதில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

தங்கை,
நாகவல்லி

நூம்பல்,
27.7.2025

தங்கை நாகவல்லிக்கு,

உன் கடிதத்தை ஹேமாவதி இரண்டு தரம் படித்துக் காட்டினாள். எனக்குப் பயமே இல்லை. கீழே நீ நிற்கிறாய் என்று தெரியும், ஆனால் சன்னல் முழுக்க வெள்ளை. "மெட்ராசுக்கே திரும்புறோம் பெரியவரே" என்றார் பக்கத்து சீட்டுக்காரர். "எறக்கி வுட்டுட்டுப் போவச் சொல்லுப்பா, மழைல நனஞ்சா இன்னா?" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

பெட்டியோடு தெருவில் நுழைந்தால் டீக்கடைத் துலுக்கானம், "இன்னா மாமே, அதுக்குள்ள அந்தமான சுத்திகினு வந்துட்டியா?" என்கிறான். "அந்தமான் அங்கயேதான் கீது, எனக்குத்தான் எடம் வுடல" என்றேன்.

விக்ரமும் உன்னைப் போலவே வேண்டாம் என்கிறான். போன வாரம் அவனிடம், நம் அம்மா இடது கையால்தான் நாற்று நடும் என்றேன். "அப்டியா" என்றான். அவ்வளவுதான். பாட்டியைப் பார்க்காத பிள்ளை, வேறென்ன சொல்லும்? ஆமாம் என்று சொல்ல எனக்கு ஓர் ஆள் வேண்டும். பெரியண்ணன் உத்தமன் காலமாகிவிட்டார். நசரத்பேட்டைச் சித்தியும் மாசியில் போய்விட்டாள்.

தை மாதம் அங்கே மழை இருக்காதாம். டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். வராதே என்று எழுதாதே. அம்மாவைக் கண்ணால் கண்டவர்களில், என்னை விட்டால் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், நாகவல்லி.