அக்கா காருக்குப் புது சைலன்சர்

நவம்பர் 1, சனி

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். இன்றைய வேலை: சைலன்சர்.

பழையது போன வாரம் கடைவீதி வேகத்தடையில் தட்டி உடைந்துவிட்டது. பாதி காரில், பாதி ரோட்டில். கார் அக்காவுடையது. கல்யாணத்துக்கு முன்பு டீச்சர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய கார். இப்போது அக்கா ஏழு மாதம், பிரசவத்துக்காக எங்கள் வீட்டில். அத்தான் கத்தாரில். அதனால் ஓட்டுவது நான்.

"நீதான மெக்கானிக்கல் படிக்கிற. நீயே பாத்து மாத்திரு அபி" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். காசும் நீட்டினாள். வேண்டாம் என்றேன், ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது என்று. பெருந்தன்மை எல்லாம் இல்லை. என் காசு என்றால் என்ன வாங்கினேன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என்னோடு படிக்கும் ஜெனியும் நானும் புதுக்கோட்டைக்குப் போனோம். பழைய பார்ட்ஸ் கடை. கம்பெனி சைலன்சர் ஒன்று இருந்தது, விலையும் ஏறக்குறைய அதேதான். அதன் பக்கத்தில் அது. உருண்டையாக, வெள்ளி மாதிரி. யாரோ தங்கள் காரில் இருந்து கழற்றிப் போட்ட ஸ்போர்ட்ஸ் சைலன்சர். ஒரு வருடமாக வீடியோவில் மட்டும் பார்த்தது. ஜெனி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாங்கிரு, ராத்திரி தூக்கம் வராது ஒனக்கு" என்றாள்.

வரும் வழியில் சேகர் அண்ணனின் வெல்டிங் பட்டறை. அடியில் படுத்து போல்ட்டை நானே கழற்றினேன். மண்ணெண்ணெய் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்து இரண்டு வந்தன. மீதி இரண்டை அவர் அறுத்தார். துரு கண்ணில். ஜெனி ஊதிவிட்டாள்.

மாட்டிய பிறகு சேகர் அண்ணன் பின்னால் குத்தவைத்துப் பார்த்தார்.

"பைப்பு பத்தல பாப்பா. பம்பரத் தாண்டி வெளிய வரணும். இது உள்ளயே முடியுது. ஒரு முழம் சேத்து வச்சுருவமா?"

எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். கையில் இருந்தது. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பசி. எல்லாவற்றையும்விட, ஸ்டார்ட் பண்ணிக் கேட்க வேண்டும்.

"அடுத்த வாரம் போட்டுக்கிறேண்ணே."

"மறந்துராத. பொகை உள்ள ஏறும்."

"சரிண்ணே."

அந்தச் சத்தம். பழையது தகர டப்பா உருள்வது மாதிரி. இது வேறு. மிதித்தால் உள்ளங்காலில் தெரிகிறது. தைல மரக் காட்டு ரோட்டில் இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். ஜெனி கத்தினாள். நானும்.

பைப்புக்கான காசில் பரோட்டா. ஆளுக்கு மூன்று.

நவம்பர் 2, ஞாயிறு

மழை விட்டு விட்டு.

அப்பா: "நெல்லு லாரி வந்துருச்சோன்னு வெளிய ஓடியாந்தேன் ஆத்தா."

அம்மா: "இதுக்குக் காசு வேற குடுத்தியா?"

அக்காவை முன் சீட்டில் வைத்து அரிமளம் கடைவீதி வரை போய்வந்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "நல்லாத்தான்டி இருக்கு." அதற்குப் பிறகு நாள் முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை.

தெர்மல் லேப் ரெக்கார்ட் நோட்டு இன்னும் எழுதவில்லை. மூன்று படம் பாக்கி.

நவம்பர் 5, புதன்

விடாத மழை. கல்லூரிக்கு லீவு போட்டேன். அக்காவுக்குச் செக்கப்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். அம்மா முன்னால். அக்கா இடுப்பு வலி என்று பின் சீட்டில் தலையணை வைத்துப் படுத்துக்கொண்டாள். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசி. நான் மட்டும் என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கியிருந்தேன். சத்தம் கேட்க.

டவுனுக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டிருந்தது. கால் மணி நேரம். என்ஜினை அணைக்கவில்லை. ஏசி நின்றுவிடும், அக்காவுக்குப் புழுங்கும் என்று நினைத்தேன். இதை எழுதும்போது அப்படித்தான் எழுத வருகிறது. லேசாக மிதித்து மிதித்துக் கேட்டுக்கொண்டும் இருந்தேன்.

கேட் திறந்த கொஞ்ச நேரத்தில் அக்கா, "தல வெடிக்கிற மாதிரி இருக்கும்மா" என்றாள். அடுத்து சீட்டிலேயே வாந்தி. ஆஸ்பத்திரிப் படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். முகம் எல்லாம் வேர்வை. இரண்டு நர்ஸுகள் தூக்கிப் போனார்கள்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தார். சரியாக இருந்தது. ரத்தம் கொஞ்சம் குறைவாம். அதனால் மயக்கமாக இருக்கலாம். ஊசி, மாத்திரை, "நல்லாச் சாப்பிடணும்". அம்மாவுக்கும் தலைவலி. வெறும் வயிறு என்றாள்.

எனக்கு ஒன்றும் இல்லை.

திரும்பும்போது மழை விட்டிருந்தது. கண்ணாடி எல்லாம் திறந்து வந்தோம். அக்கா தூங்கிவிட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

கல்லூரி முடிந்து வந்து காரைக் கழுவினேன். சீட், மிதியடி. வாடை போகவில்லை என்று டிக்கியையும் திறந்தேன்.

டிக்கிக் கதவின் ரப்பர் ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்திருக்கிறது. பழைய பிய்ச்சல். அந்த இடத்தில் மட்டும் உள்பக்கம் கறுப்பு. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. நேராகக் கீழே பைப்பின் வாய்.

வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டபடியே நின்றிருக்கிறேன். அப்பா வந்து அடைத்தார்.

உள்ளே அம்மா, "போன நோண்டிக்கிட்டே கெடந்தா ரத்தம் எங்கிட்டு ஊறும்? நேத்து வச்ச கீரை அப்படியே இருக்கு" என்று அக்காவைத் திட்டிக்கொண்டிருந்தாள். அக்கா முருங்கைக்கீரையைப் பிசைந்து சாப்பிட்டாள். அவளுக்குக் கீரையே பிடிக்காது.

நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 7, வெள்ளி

மேகமூட்டம். நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு சோதனை. அம்மாவும் அக்காவும் பக்கத்து வீட்டுக்குப் போன நேரம். காரை ஸ்டார்ட் செய்து, முன் கண்ணாடியைப் புதன்கிழமை மாதிரியே இரண்டு விரல் இறக்கி, ஃபேனைப் போட்டு, டிக்கிக்கு வெளியே பிய்ந்த ரப்பர் கிட்டே ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை உள்ளே போனது. கண்ணாடியை ஏற்றினேன். குறைந்தது. இறக்கினேன். மறுபடியும் உள்ளே.

ஆக, நான் முன்னால் இறக்கிய இரண்டு விரல்தான் பின்னால் இருந்து இழுத்திருக்கிறது. அக்கா தலை வைத்துப் படுத்திருந்தது டிக்கியை ஒட்டிய பின் சீட்டில்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் இல்லை, வாசனை இல்லை. இரண்டாம் செமஸ்டரில் எழுதி இரண்டு மார்க் வாங்கியது.

ஜெனிக்குப் போன் செய்தேன். "இப்ப அக்கா நல்லாத்தான இருக்காங்க? சொல்லாத அபி. பைப்பச் சரி பண்ணிட்டா முடிஞ்சுபோச்சு. சொன்னா பயந்துருவாங்க, அதுதான் அவங்களுக்கு ஆகாது."

அது சரி என்றே பட்டது. அவ்வளவு சீக்கிரம் சரி என்று பட்டதுதான் உறுத்தியது.

நவம்பர் 8, சனி

காலையிலேயே பட்டறை. கூடவே டிக்கிக்குப் புது ரப்பர். சேகர் அண்ணன் ஒரு முழம் பைப் சேர்த்து பம்பருக்கு வெளியே கொண்டுவந்தார். இருபது நிமிட வேலை. மொத்தமே இருபது நிமிடம்.

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஒரு வாரம் ஓட்டிட்டியே. பின்னாடி யாரும் ஒக்காரலயே?"

"இல்லண்ணே."

யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது.

வீட்டுக்கு வந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. அம்மா வெண்டைக்காய் நறுக்கினாள். நானும் இரண்டு நறுக்கினேன்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனபோது அக்கா அத்தானுடன் பேசிக்கொண்டிருந்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அழுதாள்.

"எனக்கு ஒடம்புல சத்தே இல்லங்க. அன்னிக்கு விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நான் ஒழுங்கா இருந்திருந்தா இப்புடி ஆகுமா? புள்ளைக்கு ஒண்ணுன்னா அது என்னாலதான்."

துணியை எடுக்காமல் இறங்கி வந்துவிட்டேன். ஏழு மணிக்கு மழை. எல்லாம் நனைந்தது. அம்மா அதற்கும் அக்காவைத்தான் கேட்டாள், மேலேதானே இருந்தாய் என்று.

நவம்பர் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எப்படி என்று எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

மதியம். அக்கா கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். சேகர் அண்ணன் சொன்னது, பரோட்டா, கண்ணாடி, ஊதுபத்தி எல்லாம். "ஒன் ஒடம்புல ஒண்ணும் இல்லக்கா. என் சைலன்சர்தான்."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். மாத்திரை அட்டையை மடித்துக் கவரில் வைத்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"வியாழக்கெழம."

விரல் விட்டு எண்ணினாள். வியாழன், வெள்ளி, சனி. "மூணு நாளா எனக்கு எதுத்தாப்புல ஒக்காந்து சாப்புட்ட."

"ஆமாக்கா."

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ போயிச் சொல்லு."

அம்மா அடித்தாள், கரண்டிக் காம்பால், தோளில். அப்புறம் ஓடிப்போய் அக்காவின் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திட்டியதற்கு. அப்பா சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். போகிற போக்கில், "நீ படிச்ச புள்ளடா ஆத்தா" என்றார். கரண்டி அடியே பரவாயில்லை.

நவம்பர் 10, திங்கள்

பஸ்ஸில் போனோம். அக்கா ஜன்னல் ஓரம், அம்மா பக்கத்தில், நான் நின்றுகொண்டு. அக்கா என்னைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். எவ்வளவு நேரம், ஏசியா, எத்தனை தடவை, அதற்குப் பிறகு அந்தக் காரில் ஏறினார்களா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.

குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தார். டப டப டப என்று அறை முழுக்க. பிறகு ஸ்கேன். அம்மா சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றாள்.

"கொழந்த நல்லாருக்கு. இப்ப ரத்தத்துல பாத்தாத் தெரியாதும்மா, அந்த கேஸ் போயிருக்கும். அன்னிக்கே சொல்லிருந்தா ஆக்ஸிஜன் வச்சிருப்பேன். எனக்கு ரத்தம் கம்மின்னுதான் தோணுச்சு." என்னைப் பார்த்தார். "எப்ப தெரிஞ்சதோ அந்த நிமிஷமே போன் பண்ணிருக்கணும்."

"ஆமா டாக்டர்."

இன்னும் இரண்டு தடவை வந்து காட்டச் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா மூன்று இளநீர் வாங்கினாள். மூன்றாவது எனக்கா என்று தெரியாமல் நின்றேன். எனக்குத்தான்.

நவம்பர் 12, புதன்

மழை. பஸ். இன்டர்னல் தேர்வு, சுமார். போகும்போது பட்டறையில் இறங்கி சேகர் அண்ணனிடம் அன்று பொய் சொன்னதைச் சொன்னேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "எம் மேலயும் தப்பு. வச்சுவிட்டுக் காசு அப்பறம் வாங்கிருக்கலாம்" என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னேன். காதில் வாங்கவில்லை.

அக்கா என்னிடம் பேசுவது இவ்வளவுதான்: "தண்ணி எடு." "ஃபேனப் போடு." "நகரு."

கம்பெனி சைலன்சர் மாற்றிவிடுவதாக அப்பாவிடம் சொன்னேன். "மொதல்ல அவ பேசட்டும்" என்றார்.

நவம்பர் 15, சனி

மழை இல்லை. ஒரு வாரத் துணி இன்றுதான் காய்ந்தது. ரெக்கார்ட் முடித்தேன்.

மூன்று மணிக்கு அக்கா காரின் சாவியோடு வந்தாள். அப்பாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"வா."

போனேன். பின் கதவைத் திறந்தாள். "ஒக்காரு. கண்ணாடியெல்லாம் ஏத்து."

ஏற்றினேன். முன் கதவைத் திறந்து, வயிறு இடிக்காமல் பக்கவாட்டில் நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி ஸ்டார்ட் செய்தாள். ஏசியைப் போட்டாள்.

"அன்னிக்குக் கேட்டுல எவ்வளவு நேரம் நின்னோம்?"

"கால்மணி நேரம்."

"அவ்வளவு நேரம் இரு."

கதவைச் சாத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். போனை எடுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

பின் சீட்டில் இருந்து அந்தச் சத்தத்தை முதல் முறையாகக் கேட்டேன். முன்னால் கேட்பது மாதிரி இல்லை. முதுகுத்தண்டில் ஒரே இரைச்சல். பல் கூசியது. இதைத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் அத்தனை தூரமும் படுத்து வந்திருக்கிறாள்.

அவள் படுத்த மாதிரியே எனக்கும் படுத்துப் பார்க்க வேண்டும் போல இருந்தது. சீட்டில் தலை வைத்துச் சாய்ந்தேன்.

நாற்காலி விழும் சத்தம். கதவு திறந்தது.

"அபி. ஏய் அபி. எந்திரி."

எழுந்தேன். சும்மாதான் படுத்தேன் என்றேன். "வெளியலேருந்து ஒன்னத் தெரியலடி" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு.

"தல வலிக்குதா?"

"இல்லக்கா."

"நெசமாச் சொல்லு."

"நெசமா."

என் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. கால்மணி நேரத்தில் நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது.