பெரிய தாழ் போட்டிருந்த கதவு

புங்குடுதீவு,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகன் கீர்த்திகனுக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே பாரிசில் காய்ச்சல் தடிமன் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். சோளகக் காற்றுப் பிடித்துவிட்டது, நேற்றுக் குறிகட்டுவான் துறையில் மத்தியானப் படகு ஓடவில்லை, அப்பா நேரத்தோடு வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை. அறையில் இருக்கிற நீங்கள் நாலு பேரும் வாதம் நடத்தினீர்களாம், அனுப்பின காசில் வீட்டுக்கு வாங்கிய சாமான்களில் எது அம்மாமாரின் சீவியத்தை நல்லாக்கியது என்று. றெக்ஷன் தன் தாய்க்கு எடுத்துக் கொடுத்த உடுப்புத் தோய்க்கிற மெசின்தான் முதலிடம் என்று அடித்துச் சொன்னானாம், நீ என்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாய். றெக்ஷனின் தாய்க்கு வீட்டில் நல்ல தண்ணீர் இருக்கிறது போல. எங்கள் உவர்த்தண்ணீருக்கு நீ வாங்கித் தந்த மெசின் ஆறாம் மாதமே உப்புப் பூத்து நின்றுவிட்டது, அப்பா அதைத் திருத்துவித்துவிட்டு, தீவிலை என்னைவிடக் கூடக் குடிக்கிற சீவன் இதுதான் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். தண்ணீர்த் தாங்கி நல்ல சாமான், தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாளில் குடங்களோடு றோட்டில் காத்து நிற்கிற வேலை போய்விட்டது. மூக்குக்கண்ணாடியும் நல்லதுதான், அதைப் போட்ட அன்றுதான் இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளில் எத்தனை பிழைகளைச் சரி என்று விட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஆனால் உண்மையில் எங்கள் சீவியத்தைத் தூக்கி நிறுத்தியது உன் காசில் வாங்கிய சாமான் அல்ல. உனக்கு இரண்டு வயதாக இருந்தபோது என் தோட்டை விற்று வாங்கிய முன்கதவு. அதைப் பற்றிப் போனில் சொல்லத் தொடங்கினால் நடுவில் நிற்பாட்டிவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நாங்கள் இடம்பெயர்ந்திருந்த யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பி வந்தபோது இந்த வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் இருந்தது. கூரை ஓடுகளையும் கதவையும் யன்னலையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பி வந்தவர்களின் வீடுகள் முக்கால்வாசியும் அப்படித்தான். முன்வாசலில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் ஒரு தகரத்தைச் சாத்தி வைத்திருந்தோம். அப்பாவுக்கு நெடுந்தீவுப் படகில் வேலை, கடல் குழம்பினால் அங்கேயே தங்கிவிடுவார். நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன், காற்றுக்கு அது அசைந்தால் உன்னையும் தூக்கிக்கொண்டு போய் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் வேலணையில் ஒருவர் பழைய கதவு யன்னல் வைத்து விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். வளவு நிறையக் கதவுகள், எல்லாம் ஒன்றோடொன்று சாய்ந்து நின்றன. நான் ஒரு தேக்கங்கதவைத் தொட்டு, இது ஆரின்ரை வீட்டுக் கதவு அண்ணை என்று கேட்டேன். அவர், அதைக் கேளாதேங்கோ தங்கச்சி, கதவெண்டால் கதவுதானே என்றார். அப்பாவும், எங்கடை கதவை ஆரோ போட்டுக்கொண்டு இருக்கினம்தானே, நாங்கள் ஆரின்ரையோ கதவைப் போடுறம், கணக்குச் சரி என்றார். அந்த நாட்களில் எல்லோரும் இதைச் சொல்லிச் சொல்லித்தான் வாங்கினார்கள். நானும் அதைச் சொல்லி என் மனத்தைச் சரிப்படுத்திக்கொண்டேன், படித்தவள் என்று பெயர், வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

கதவைப் பொருத்திப் பூட்ட வந்த தச்சர் இளையதம்பி அண்ணையை உனக்கு ஞாபகம் இருக்காது, அவர் காலமாகி நெடுநாள். அவர் கதவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். உள்பக்கத்தில் மேலே பெரிய இரும்புத் தாழ் ஒற்றை ஆணியில் தொங்கியது, அது இருந்த இடம் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. இது கோடாலி வேலை இல்லைப் பிள்ளை, உள்ளுக்கு ஆரோ தாழ் போட்டிருக்க வெளியிலை நிண்டு காலாலை உதைச்சிருக்கினம் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இதிலை நிண்டு பாராதை, போய்த் தேத்தண்ணி வை என்று என்னைக் குசினிக்கு அனுப்பினார். நான் தேத்தண்ணீரோடு வரும்போது பிளவை வெட்டி எடுத்துவிட்டு வேப்பம்பலகையில் ஒட்டுப் போட்டு, அதே தாழை அதே இடத்தில் பூட்டிவிட்டார். அந்த ஒட்டு உனக்கு நல்ல ஞாபகம் இருக்கும், கதிரையில் ஏறி நின்று அதன் விளிம்பில் விரலை ஓட்டுவாய், அதை றோட்டு என்பாய், உன் சின்னக் காரை அதிலே மேலும் கீழும் ஓட்டுவாய். நான் ஒவ்வொரு முறையும் உன்னை இறக்கிவிட்டது ஏன் என்று இப்போது உனக்கு விளங்கும். ஆனாலும் அந்தக் கதவு வந்த நாளிலிருந்துதான் நான் நித்திரை கொண்டேன், அதைச் சாத்திவிட்டுத்தான் புத்தகத்தை விரித்தேன், ஆசிரியர் கலாசாலைப் படிப்பும் பிறகு பட்டமும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து படித்தவை. பகலில் நடுவிலுள்ள கொளுக்கி, படுக்கும்போது பெரிய தாழ், இருபத்திரண்டு வருடமாக இதுதான் வழக்கம்.

இன்னொன்றும் உனக்கு மறந்திருக்காது. ஏழு வயதில் ஒரு சோளக மத்தியானம் கதவு ஆவென்று திறந்து கிடந்தது, ஆடுகள் உள்ளே வந்து என் கொப்பிகளைத் தின்றுவிட்டன. நீ, நான் கொளுக்கி போட்டனான் அம்மா, ஆரோ வந்து திறந்தவை என்று அழுதாய். அதற்கு முன்பும் இரண்டு மூன்று தரம் கொளுக்கி போட்ட கதவு திறந்து கிடந்ததை நானே கண்டிருந்தேன். அதனால்தான் உன்னை ஈர்க்கால் அப்படி அடித்தேன் தம்பி, பொய் சொன்னதற்காக அல்ல, நீ சொன்னது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயத்தில்.

இரண்டு கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், அப்பா படகில். கைகழுவிவிட்டு முன்னுக்கு வந்தால், கொளுக்கி போட்டிருந்த கதவு திறந்திருக்க, வீட்டுக்குள்ளே ஒரு பெண் நிற்கிறார். அறுபத்தைந்து வயதிருக்கும், நல்ல சேலை, நெற்றியில் நயினாதீவுக் கோவில் குங்குமம். அவர் ஓரடி பின்னுக்கு நகர்ந்து, மன்னிக்கோணும் தங்கச்சி, தட்டத்தான் வந்தனான், என்ரை கை தன்பாட்டிலை திறந்துபோட்டுது என்றார். சறோஜினிதேவி என்று பெயர், இந்தத் தீவில்தான் எட்டாம் வட்டாரம், பிரான்சுக்குப் போய் முப்பத்தைந்து வருடம். கோவிலுக்குப் போய்த் திரும்பும்போது வான் வண்டிக்குள் இருந்தே கதவைக் கண்டு நிறுத்தச் சொல்லியிருக்கிறார். அவருடைய தகப்பனார் ஐயாத்துரை பதுளையில் கடை வைத்திருந்தவராம், அங்கே ஒரு தச்சரைப் பிடித்துச் செய்வித்துக் கொண்டுவந்த கதவாம். வெளிப்பக்கத்தில் வரிசையாக இருக்கிற பித்தளைப் பூக்களில் மூன்றாவது பூவைத் திருகினால் உள்ளே கொளுக்கி எழும்பும், வெளியிலிருந்தே போடலாம் எடுக்கலாம், அது வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த வேலை. எத்தனை தரம் புளி போட்டு அந்தப் பூவை மினுக்கியிருப்பேன், அது கொஞ்சம் ஆடும், ஆணி கழன்றது என்று நினைத்திருந்தேன். உள்ளே இருக்கிற அச்சு தேய்ந்துபோய், சோளகத்துக்குக் கதவு அதிரும்போது கொளுக்கி தானாக எழும்பியிருக்கிறது. நீ அன்றைக்குக் கொளுக்கி போட்டுத்தான் இருந்தாய்.

நான் அவரை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்தார். தொண்ணூற்றோராம் ஆண்டு எல்லோரும் தீவை விட்டு வெளிக்கிட்டபோது தகப்பனார் மட்டும் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாராம், நீங்கள் போங்கோ, நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பன் என்றாராம், பிறகு அவரைக் கண்டவர் ஒருவரும் இல்லை. தாய் பாரிசில் கடைசிநாள் வரைக்கும் பொட்டு வைத்தே இருந்து போனாராம், இன்றுவரை அந்த மனிதருக்கு அந்தியேட்டியோ திவசமோ செய்யவில்லை, அவர் இல்லை என்று ஆர் சொன்னது, எந்தத் திதியிலை செய்யிறது என்று கேட்டார். பிறகு எழும்பி உள்பக்கம் வந்து பெரிய தாழைத் தொட்டார். எங்கடை அப்பா வெளியிலை போனால் கொளுக்கி மட்டும்தான் தங்கச்சி, உள்ளுக்கு இருந்தால்தான் இதைப் போடுவார், நீர் இதை வாங்கேக்கை இந்த இடம் நல்லா இருந்ததோ என்று கேட்டார். அவருடைய உள்ளங்கை ஒட்டின் மேலேயே இருந்தது. சித்திரையில் நீ அனுப்பின காசில் கதவுக்கு இரண்டு பூச்சுப் பச்சைப் பெயின்ற் அடித்தோம் அல்லவா, ஒட்டு இருந்த இடமே தெரியவில்லை. நான், ஓம் அக்கா, எல்லாம் நல்லாத்தான் இருந்தது என்றேன்.

அவருடைய முகம் அப்படியே இளகிவிட்டது. அப்ப அப்பா தானாத்தான் வெளிக்கிட்டிருக்கிறார், எங்கையோ போயிருக்கிறார் என்றார், தம்பிமாருக்கு இன்றைக்கே போன் எடுக்கவேண்டும் என்றார், அதற்குப் பிறகுதான் ஆறின தேத்தண்ணீரைக் குடித்தார். கதவைத் திருப்பிக் கேட்கவில்லை. நீ பாரிசில் இருப்பதைக் கேட்டுவிட்டு, எங்கடை பக்கம்தான், ஏதும் குடுத்துவிடுறதெண்டால் கட்டி வையும், பயணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் இதாலைதான் வருவன் என்று உன் நம்பரையும் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மனம் நோகக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று முதல் இரண்டு நாளும் நினைத்தேன். பிறகு அப்படி நினைக்கவும் முடியவில்லை. இளையதம்பி அண்ணை சொன்னதைக் காதால் கேட்டபிறகும் அந்தக் கதவை நான் மறுக்கவில்லை, ஒட்டுப் போடவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றினேன், அதை அவருக்கு முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு ஏலாமல் போய்விட்டது. ஐயாத்துரை குசினிக் கதவால் போயிருக்கலாம், உள்ளே தாழ் போட்டுவிட்டுப் பின்பக்கத்தால் வெளிக்கிட்டிருக்கலாம் என்று என்னிடமே சொல்லிப் பார்க்கிறேன். படுக்கும்போது பெரிய தாழைத் தள்ளினால், எனக்கு முன்னால் அதைக் கடைசியாகத் தள்ளிய கை ஞாபகம் வருகிறது, இரும்பு இன்னும் சூடாக இருப்பது போல் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் காற்றுக்குக் கொளுக்கி எழும்பிக் கதவு திறந்தது. காரணம் தெரிந்த பிறகும், எழும்பிப் போய் ஆர் அது என்று கேட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டு, சந்தோசமாப் போன மனிசியை ஏன் இழுத்து வைச்சு அழப்பண்ணப்போறீர், முப்பத்துநாலு வருசத்துக்குப் பிறகு அந்த மனிசன் எழும்பி வரப்போறாரோ என்றார். நான், அவ தேப்பனுக்கு அழவேண்டிய அழுகையை நான் பெயின்ற் அடிச்சு மூடி வைச்சிருக்கிறன் என்றேன். அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்தநாள் விடிய நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடும்போது பார்த்தால், முக்காலியில் ஏறி நின்று பழைய கத்தியால் ஒட்டு இருந்த இடத்துப் பெயின்றைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். திரும்பிப் பாராமல், பிந்தப்போகுது, போம் என்றார். இப்போது உன் றோட்டு திரும்பவும் தெரிகிறது. இந்த வெள்ளிக்கிழமை சறோஜினிதேவி அக்கா வந்ததும் நான் சொல்லத்தான் போகிறேன், என் வாய் மறுபடி பின்னுக்கு நின்றாலும் கதவு காட்டிவிடும். கதவு வேண்டும் என்றால் கழற்றிக் கொடுப்போம், வாசலை மறைக்கிற தகரத்துக்கு அப்பா ஏற்கெனவே அளவு எடுத்து வைத்துவிட்டார். அந்த வாசல் திரும்பவும் வெறுமையாக நிற்பதை நினைக்க எனக்குக் குளிர்கிறது, ஆனாலும் கொடுப்போம்.

உனக்கான பார்சல் கட்டி முடிந்துவிட்டது, புழுக்கொடியல், பனங்கட்டி, உனக்குப் பிடித்த மிளகாய்த்தூள், இந்தக் கடிதத்தையும் அதற்குள்ளேதான் வைக்கிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்ட பிறகு அவர் இதை என் கையிலிருந்து வாங்குவாரோ, வாங்காமல் வானில் ஏறுவாரோ, எழுதுகிற எனக்குத் தெரியாது. வாசிக்கிற உனக்குத் தெரியும். இது தபாலில் வந்திருந்தால் அவர் வாங்கவில்லை, நீ அவரைத் தேடிப் போகாதே, போன் எடுத்து எனக்காகக் கதைக்காதே, அது நான் சுமக்க வேண்டியது. அவருடைய கையாலேயே வந்திருந்தால் வாசலில் வைத்து அனுப்பிவிடாதே, இருத்தி ஒரு தேத்தண்ணீர் கொடு, ஒட்டைப் பற்றிக் கேட்டால் ஒன்றையும் குறைக்காமல் சொல்லு, எவ்வளவு நீளம் என்று கையால் காட்டு. என் பொய்யைக் காப்பாற்ற நீயும் ஒரு பொய் சொல்லவேண்டாம், உன்னை நான் பொய்யன் என்று அடித்தது ஒன்றே போதும். அதற்கு இந்த அம்மாவை மன்னித்துக்கொள்.

நயினை அம்மாள் உன் வழித்துணையாக நின்று, நோய் நொடி அண்டாமல், நல்ல இடத்தில் நல்ல பெயரோடு உன்னை வைத்திருக்கவேண்டும். குளிர் தொடங்கினால் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மறக்காமல் எனக்கு ஒரு சொல் மட்டும் அனுப்பு, பார்சல் எப்படி வந்தது என்று.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
கேதீஸ்வரி