கேமராவுக்குப் போட்ட பவுடர்

ஜனவரி 9, செவ்வாய்

காலையிலிருந்து மேகம். இ-சேவை மையத்து ஜன்னலில் வெளிச்சமே இல்லை.

இன்று டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டவை: ஒன்று, ஜெனியின் இரண்டு கைகளிலும் பவுடர் அப்பியிருந்தது. இரண்டு, அவளுக்கு இந்த அரிப்பு பத்து நாளாக அல்ல, இரண்டு வயதிலிருந்தே உண்டு.

இரண்டும் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு மவுஸைப் பிடித்திருந்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் தோல் டாக்டர் நாள். அவர் சென்னையில், திரையில். குழந்தைகள் இங்கே கும்மிடிப்பூண்டியில், கேமரா முன்னால். நடுவில் நான். இன்று ஏழு பேர்.

லூர்து மேரி கம்பெனியில் அரை நாள் லீவு கேட்டு மகளை அழைத்து வந்திருந்தாள். நட்டு போல்ட் பொட்டலம் கட்டும் வேலை, காண்ட்ராக்டில். அங்கே அரை நாள் லீவு கேட்பது லேசான காரியம் இல்லை. ஜெனிக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் கவுன், சிவப்பு ரிப்பன், முகம் கழுத்து கை முழுக்க பவுடர். வரிசையில் அடுத்து உட்கார்ந்திருந்த பஷீரா அக்கா விடவில்லை.

"இன்னா மேரி, பொண்ணு பாக்க வராங்களா?"

"நீ வேற அக்கா. டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல பாக்கப் போறாங்க. கொழந்தய அழுக்கா இட்னு வர முடியுமா?"

கேலி செய்த பஷீரா அக்காவின் மகள் ஆயிஷாவுக்கோ கண்ணில் மை, கன்னத்தில் ரோஸ் பவுடர். கேமரா என்றால் இங்கே எல்லோருக்கும் ஸ்டூடியோதான்.

மேரிக்கு மருந்தைவிட ஒரு சீட்டுதான் முக்கியம். தீபாவளி முடிந்ததிலிருந்து வகுப்பு டீச்சர் ஜெனியை வாசற்படி ஓரம் தனிப் பாயில் உட்கார வைத்திருக்கிறார். 'யாருக்கும் ஒட்டாது' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் உள்ளே சேர்ப்பாராம்.

வெளிச்சம் போதாமல் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தேன். பவுடர் மேல் ஃபிளாஷ். முழங்கை மடிப்பில் இருந்த சிவப்பு போய், ஓரம் மட்டும் தெரியும் வெள்ளை வட்டம் வந்தது.

"எத்தனை நாளா இருக்கு?"

"பத்து நாளா மேடம்."

"வீட்ல வேற யாருக்காவது அரிப்பு இருக்கா?"

"அவுங்கப்பாக்கு கால் வெரலு நடுவுல மேடம். ஷூ போட்டு போட்டு."

டாக்டர் படர்தாமரையாக இருக்கலாம் என்றார். பூஞ்சைக்கான களிம்பு. துண்டு, சீப்பு, பாய் தனியாக. இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம். சீட்டு ஆங்கிலத்தில் வந்தது. வழக்கம்போல அடியில் நான் தமிழில் எழுதினேன். 'ஒட்டக்கூடியது' என்ற சொல்லை என் அழகான கையெழுத்தில்.

மேரி வாங்கிப் படித்தாள். எழுத்துக் கூட்டி, மெதுவாக. பிறகு என்னைப் பார்த்தாள்.

"இத்த டீச்சராண்ட காட்டணுமா தங்கச்சி?"

"காட்டுங்க மேரிக்கா."

ஏன் பேசவில்லை? லைன் இரண்டு முறை அறுந்து வந்தது, உண்மை. இன்னும் ஐந்து குழந்தைகள், உண்மை. டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் பேசாதே என்று பயிற்சியில் சொன்னார்கள், அதுவும் உண்மை. ஒழுங்கான பெண் என்று பெயர் வாங்கியதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். இது எல்லாவற்றையும்விட உண்மை.

நூலகத்துக்குப் புத்தகம் திருப்ப வேண்டும். நாளை.

ஜனவரி 10, புதன்

வெயில். பனி சீக்கிரமே விலகியது.

வேலை: பிரிண்டர் மை சொல்லி வைக்க. இன்வெர்ட்டருக்குத் தண்ணீர். ரேஷன் கார்டு விண்ணப்பம் நான்கு. ஒருவர் வந்து, "இங்க நெட்டுல மாப்ள பாத்துக் குடுப்பீங்களாமே?" எனக்கே பார்த்துக்கொள்ளவில்லை என்று சொல்ல நினைத்தேன். இதுவும் சொல்லவில்லை. இது பரவாயில்லை.

மாலை ஷிஃப்ட் முடிந்து மேரி நேராக மையத்துக்கு வந்தாள். இடுப்பில் ஜெனி. ஆறு வயதுப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வந்தபோதே தெரிந்துவிட்டது.

"மின்னாடியாவது வாசப்படியாண்ட குந்த வெச்சினு இருந்தாங்க. இப்ப ஊட்டுக்கே அனுப்பிட்டாங்க தங்கச்சி. வெள்ளிக்கெழம பொங்கலு விழா. கும்மில இவ மூணாவது ஆளு. ஒரு மாசமா ஊட்ல தட்டினே கெடந்தா. இப்ப அந்த எடத்துல வேற பொண்ணு."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"டாக்டரே எழுதிக்கீறாங்க, நான் இன்னா பண்றதுன்றாங்க."

டாக்டர் எழுதியது ஆங்கிலம். டீச்சர் படித்தது என்னை.

ஜெனியின் கையைப் பிடித்துப் பார்த்தேன். பவுடர் இல்லை. முழங்கை மடிப்பு இரண்டும் சிவந்து, உலர்ந்து, நகக் கீறல்களோடு. முழங்காலுக்குப் பின்னாலும் அதேதான். இரண்டு பக்கமும் ஒரே அளவு. இந்த மையத்தில் எத்தனை கரப்பான் தோல் நோய் பார்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் கண் இருக்கிறது.

"இன்னைக்குப் பவுடர் போடலையா மேரிக்கா?"

"கேமராக்குத்தானே போடுவாங்க? ஊட்ல எதுக்கு?"

கள்ளமே இல்லாமல் கேட்டாள். ஒரு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். போடாதீர்கள் என்று ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.

காலை ஏழரைக்கு வரச் சொன்னேன், குளிக்காமல், எதுவும் பூசாமல். "அப்படியேவா?" என்றாள், வெட்கப்பட்டு. அப்படியேதான்.

ஜனவரி 11, வியாழன்

நல்ல வெயில். ஜன்னலை ஒட்டி நீலத் துணி விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தேன். வலது முழங்கை, இடது முழங்கை, முழங்கால் பின்புறம், கன்னம். செவ்வாய்க்கிழமையே இப்படி எடுத்திருக்க வேண்டிய படங்கள்.

"அக்கா, சிரிக்கட்டா?"

"கையைத்தான் எடுக்கிறேன் ஜெனி."

"அப்ப கைய சிரிக்க வெக்கிறேன்." ஐந்து விரலையும் விரித்தாள். ஒரு படத்தில் அது விழுந்திருக்கிறது. அதையும் சேர்த்தே அனுப்பினேன்.

டாக்டருக்கு மின்னஞ்சல். ஐந்து முறை எழுதி அழித்தேன். இப்போது படிக்கும் தடித்த மொழிபெயர்ப்பு நாவலில் ஒருவன் தன் தவறைப் பதினொரு பக்கத்துக்கு ஒப்புக்கொள்கிறான். படிக்கையில் பெரிதாகத் தெரிந்தது. இன்று தோன்றியது, அவனுக்கு வேறு வேலை இல்லை. கடைசியில் நான் எழுதியது இவ்வளவுதான்: 'செவ்வாயன்று குழந்தையின் கையில் பவுடர் இருந்தது. இந்தத் தொந்தரவு இரண்டு வயதிலிருந்து, பனிக்காலத்தில் கூடும் என்று தாய் முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். இரண்டும் தெரிந்தும் நான் அப்போது சொல்லவில்லை.'

9.20க்குப் போனது. 9.35க்குக் கரண்ட் போனது.

வேலை போய்விடுமோ என்று மதியம் கொஞ்ச நேரம் பயம். பிறகு தயிர் சாதம், மாங்காய் ஊறுகாய். போகாது. இந்த வேலையை என்னைப் போல் செய்ய இங்கே ஆள் இல்லை. இதை எழுதி வைக்கலாம், யாரும் படிக்கப் போவதில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்தது. பதில் இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

பனி. பத்து மணிக்குத் திரையில் டாக்டர். வணக்கம்கூடச் சொல்லாமல், "அந்தக் குழந்தைய முதல்ல கூப்பிடுங்க" என்றார்.

மேரி இன்று முழு நாள் லீவு. ஜெனி மறுபடி கிறிஸ்துமஸ் கவுன், விழாவுக்காக. ஆனால் கை வெறும் கை.

"எந்த வயசுலேர்ந்து இருக்கு?"

"ரெண்டு வயசுலேர்ந்து மேடம். அன்னிக்கு நீங்க, ஜாஸ்தியாயி எத்தினி நாளாச்சின்னு கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

டாக்டர் நான் அனுப்பிய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "இது கரப்பான். யாருக்கும் ஒட்டாது. வரும், போகும், வளர வளரக் குறையும். வாசனை சோப்பு வேண்டாம், பவுடர் வேண்டவே வேண்டாம். குளிச்ச ஈரத்தோட வாசலின் தடவுங்க." களிம்பை மாற்றினார். அப்பாவின் கால் வேறு கதை, அவரைத் தனியாக வரச் சொன்னார்.

பிறகு என்னிடம்: "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கணும் டாக்டர்."

"குறுக்க பேசக் கூடாதுன்னு யார் சொன்னது?"

"பயிற்சியில."

"பேசுங்க. அங்க எனக்குக் கண்ணு நீங்கதான்."

திட்டு அவ்வளவுதான். நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிக்கான கடிதம் அவர் கையெழுத்தோடு 10.40க்கு வந்து சேர்ந்தது. பிரிண்ட் கொடுத்தேன். காகிதம் பாதி நுழைந்தபோது கரண்ட் போனது. பிரிண்டருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. கும்மி பதினொன்றுக்கு.

திரையைப் பார்த்துக் கடிதத்தை அப்படியே கையால் எழுதி, மேரியோடும் ஜெனியோடும் பள்ளிக்கு ஓடினேன். இரண்டு தெரு. டீச்சர் வாசலிலேயே வாங்கிப் படித்தார். உள்ளே போய் மேஜையிலிருந்து செவ்வாய்க்கிழமைச் சீட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"அதுவும் உன் கையெழுத்து. இதுவும் உன் கையெழுத்து. எத்தம்மா நான் நம்புறது?"

அவர் கெட்டவர் இல்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

"டாக்டர் கையெழுத்தோட கொண்டா. லீவு முடிஞ்சி பாத்துக்கலாம்."

மைக்கில் பாட்டு ஆரம்பித்தது. மேரி ஜெனியின் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே வந்தாள். ஜெனி அழவில்லை. உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள், எத்தனையாவது தட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று.

"எம்மேலதான் தப்பு மேரிக்கா. பவுடர் இருந்தது தெரியும். நான் சொல்லல."

மேரி நடந்துகொண்டே, "போட்டது நானு" என்றாள். பிறகு, "இனிமே நீ சொல்லிடு. மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

1.15க்குக் கரண்ட். கடிதம் அச்சாகி வந்தது. பள்ளி கலைவதற்குள் டீச்சர் கையிலேயே கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு அட்டெண்டன்ஸ் நோட்டுக்குள் வைத்தார்.

மையத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்: 'கேமரா முன் வருவதற்கு முன் பவுடர், மை, எண்ணெய் எதுவும் வேண்டாம். வீட்டில் இருப்பது போலவே வரவும்.'

அதைப் பார்த்து பஷீரா அக்கா: "போட்டோ புடிக்கிற எடத்துல பவுடரு வேணான்னு போர்டு! இன்னா பேஜாரும்மா இது!" சொல்லிவிட்டு முந்தானையால் ஆயிஷாவின் கன்னத்தைத் துடைத்தார்.

ஜனவரி 18, வியாழன்

வெயில். நூலகப் புத்தகத்துக்கு இன்றும் தாமதம்.

பிரிண்டரை இன்வெர்ட்டரில் சேர்க்க எலக்ட்ரீஷியன் வந்து போனார்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்தது. வாசற்படிப் பாயைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். ஜெனி இரண்டாம் வரிசையில் ஆயிஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கும்மி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது.