மீதி மூணு பேரு யாரு?

இன்று காலை முதலியார்பேட்டை பெட்ரோல் பங்கில் வரிசையில் நின்றேன். நாளை முதல் விலை ஏறுகிறது என்று நேற்றே செய்தியில் சொல்லிவிட்டதால் பாதி ஊர் அங்கே இருந்தது. கார்க் கண்ணாடியை இறக்கியதும் பெட்ரோல் வாடை முகத்தில் அடித்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடையை நீ மட்டும் நெஞ்சு நிறைய இழுப்பாய். "நல்லா இழுத்துக்கடி, இதுக்கும் சேத்துதான் வாங்குறான்" என்பாய். எனக்கு முன்னால் நின்ற காரில் கடலூர்ப் பதிவெண். உன் கடலூர் அண்ணன் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பெட்ரோல் போடும் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வெல ஏறுதுன்னு சிரிக்கிற மொத ஆளு நீங்கதாம்மா."

உன் சின்னம்மா மகன் அந்த அண்ணன். நம்ம ஊரில் பெட்ரோல் அவர்கள் ஊரைவிடக் கொஞ்சம் மலிவு என்பதால், அங்கே விலை ஏறும்போதெல்லாம் அவருக்குத் தங்கை மேல் பாசம் பொங்கிவிடும். பையில் முறுக்கு, டிக்கியில் காலி கேன். வாசலில் நின்று, "உன்னப் பாக்காம இருக்க முடியலம்மா" என்பார். நீ முகம் மாறாமல், "தெரியும்ணா. டேங்க் காலியானா உனக்குத் தாங்கவே தாங்காது" என்பாய். அவரும் கூச்சப்படாமல் காபியை வாங்கிக் குடிப்பார். போகும்போது அந்தக் கேனிலிருந்து ஒரு சொட்டுகூட நமக்குத் தந்ததில்லை.

நீ போய் ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. இந்தக் கதைகளை எல்லாம் சொல்லிச் சிரிக்க வேறு ஆள் இல்லாததால் உனக்கே எழுதுகிறேன்.

ஒரே தெருவில் வீடு, காலாப்பட்டில் ஒரே கல்லூரி அலுவலகத்தில் எதிரெதிர் மேசை. ஆனாலும் எத்தனையோ வருடம் நீ உன் ஸ்கூட்டரில், நான் என் ஸ்கூட்டரில், ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தோம். அது தப்பு என்று நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. அப்புறம் ஒரு மழைக்காலத்தில் விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் கேட்டில் வந்து நின்றாய்.

"நாளையிலேருந்து ஒரே வண்டி. ஒரு வாரம் எந்து, ஒரு வாரம் உந்து. ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். அப்போது எனக்கு உன் சட்டதிட்டங்கள் தெரியாது.

கருவேப்பிலைக்கு ஸ்கூட்டரை எடுக்கக் கூடாது. நான் நாலு வீடு தள்ளியிருந்த கடைக்கு வண்டியில் போய்வந்துகொண்டிருந்ததை நீ எத்தனை நாளாக மாடியிலிருந்து பார்த்தாயோ தெரியாது. சாமான்களை ஒரே நடையில் வாங்க வேண்டும். மறந்துபோன சாமான் மறந்துபோனதுதான். அன்றைக்கு அது இல்லாத சமையல். என் வீட்டில் ஒரு வாரம் புளி இல்லாமல் போனதும், என் கணவர் உன் பெயரைச் சொல்லிப் பல்லைக் கடித்ததும் இப்படித்தான்.

இதெல்லாம் பரவாயில்லை. நீ ஓட்டும் வாரம்தான் எனக்குக் கண்டம். பிரேக் பிடிப்பது என்றால் உனக்குப் பெட்ரோலைத் தரையில் கொட்டுவது மாதிரி. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே கையை எடுத்துவிடுவாய். வண்டி தானாக உருண்டு, உருண்டு, பச்சை விழும் நேரத்துக்குச் சரியாக அங்கே போய்ச் சேர வேண்டும். அதுதான் உன் கணக்கு. அந்த நேரத்தில் பின்னால் வருகிறவர்களின் கணக்கை நீ பார்ப்பதில்லை. அஜந்தா சிக்னலுக்கு முன்னால் ஒருநாள் ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"யக்கா, வீராம்பட்டினம் தேருகூட இதவிட வேகமாப் போவும்."

நீ தலையைத் திருப்பாமல், "தேருக்கு ஆயிரம் பேரு வடம் புடிக்கிறாங்க. எனக்கு நீ புடிக்கிறியா?" என்றாய். அவர் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்தது. உன் கணக்குப்படியே நாம் நிற்காமல் போனோம். அவர்தான் கிளட்சோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஏற்றத்தில் உனக்கு அதுவும் போதவில்லை. பேருந்து நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து காலாப்பட்டுக்குப் பேருந்து என்று முடிவு செய்தாய். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பதை ரகசியம் மாதிரி சொன்னேன். நாற்பத்தேழு வயதில் அதைச் சொல்வதும் ஒரு கஷ்டம்தான்.

"கத்துக்க. காலையில பீச் ரோட்டுல வண்டி வுட மாட்டான். வுழுந்தாலும் தரைதான் இருக்கும், லாரி இருக்காது" என்றாய்.

ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை நீ ஓட்டிக்கொண்டு முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் வருவேன். பெட்ரோலை மிச்சம் பிடிக்கக் கற்றுக்கொள்வதற்காகத் தினமும் பெட்ரோலை எரித்துக்கொண்டு போகிறோமே என்று கேட்டேன். "இது மொதலீடு" என்று வாயை அடைத்துவிட்டாய்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்ட அந்தப் பத்து நாட்களில் கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வருகிற யாருமே என்னை மறந்திருக்க மாட்டார்கள். சுடிதார் பேண்ட்டின் அடிப்பகுதியை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கேரியரை நீ பிடித்துக்கொள்ள, நான் "வுட்டுடாதடி, வுட்டுடாதடி" என்று சொல்லிக்கொண்டே போவேன். நாலாம் நாள் நீ விட்டுவிட்டாய். அது தெரியாமல் நான் உன்னோடு பேசிக்கொண்டே ரொம்ப தூரம் போயிருக்கிறேன். பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். எதிரே, வெள்ளைத் தொப்பி வைத்து நடந்து வந்த ஒரு பெரியவர் மேல் நேராகச் சாய்ந்தேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குடும்பத்து மனிதர் போலிருக்கிறது. தொப்பி விழுந்தும் கோபப்படாமல், "தூஸ்மான், மதாம், தூஸ்மான்" என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்திப் படங்கள். அவர் என்னை எதிரி என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"சாரி சார், தெரியாம இடிச்சிட்டேன். அதுக்குப் போய் துஷ்மன்னுலாம் சொல்றீங்களே" என்றேன்.

மூச்சு வாங்க ஓடிவந்த நீ, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். சிரித்து முடித்த பிறகுதான், "மெதுவா, மெதுவான்னு சொல்றாருடி" என்றாய். அதற்குப் பிறகு தினமும் அந்தப் பெரியவர் நம்மைத் தூரத்தில் பார்த்ததும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொள்வார். மரியாதைக்கா, பாதுகாப்புக்கா என்று நாம் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

இப்படிச் சைக்கிளும் பேருந்துமாக இரண்டு வருடம் ஓடியது. எனக்குத் தொடை வலித்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தேன். அதைக் கெடுத்தது என் மகன். பெங்களூரில் வேலையில் இருப்பவன், "இந்த வயசுல எதுக்கும்மா சைக்கிளு" என்று ஒரு பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனான். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தார்ப்பாயைப் போட்டு மூடி, நாலு பக்கமும் கயிறு கட்டிவைத்தேன். மூன்றாம் நாள் நீ வந்து அதைச் சுற்றிவந்தாய்.

"என்னடி இது, பந்தல் பிரிச்ச சாமானா?"

"தங்கச்சி வூட்டுதுடி. கொஞ்ச நாளு இங்க இருக்கட்டும்னா" என்றேன்.

அந்த வாரமே, மழை பெய்த ஒரு காலையில், ஆசை அடங்காமல் அந்தக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உனக்குக் காய்ச்சல், வரமாட்டாய் என்று நினைத்திருந்தேன். பேருந்து நிலையத்துக்கு வெளியே, குடைக்குள் கையில் சாப்பாட்டுப் பையோடு நீ நின்றாய். நான் ஏசி போட்டு, நாலு காலி இருக்கைகளோடு, சிவப்பு விளக்குக்காக உன் எதிரே வந்து நின்றேன். கண்ணாடியை இறக்கி, "ஏறுடி" என்றேன். நீ என்னை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாய். உன் பேருந்து வந்தது. ஏறிக்கொண்டாய்.

கார் வாங்கியது உனக்குக் கோபமில்லை. பொய் சொன்னதுதான். அதை நீ சொல்லவும் இல்லை. ஒரு மாதத்துக்கு மேல், தினமும் காலையில் என் வாசலைக் கடக்கும்போது தேவையில்லாமல் மணியை அடித்துக்கொண்டு சைக்கிளில் போனாய், அவ்வளவுதான். அலுவலகத்தில் எதிர் மேசையிலிருந்து, "மேடம், அந்த ஃபைல்" என்றாய். இருபத்திரண்டு வருடத்தில் நீ என்னை மேடம் என்று கூப்பிட்டது அப்போதுதான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். மறுநாள் மணிச் சத்தம் கேட்டதும் வீம்பு வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை உன் வீட்டுக்காரர் என் கேட்டில் வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர் அன்றைக்கும் சுருக்கமாகத்தான் பேசினார். "சைக்கிள்ல போவும்போது மூச்சு முட்டி வுழுந்துட்டாம்மா. டெஸ்ட்டுலாம் எடுத்தாச்சி. நல்லதா சொல்லல. வாராவாரம் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏத்தணும். இவ பஸ்ஸுலதான் போவேன்றா."

செருப்புகூடப் போடாமல் வந்தேன். நீ கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். வரும் வழியில் மனப்பாடம் செய்த மன்னிப்பெல்லாம் மறந்துவிட்டது.

"கார்ல வர்றியா, இல்ல ரெண்டு பேரும் சைக்கிள்லயே கோரிமேட்டுக்குப் போவலாமா?" என்றேன்.

தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டாய்.

"உன் கார்ல எத்தினி பேரு குந்தலாம்?"

"அஞ்சு பேரு."

"நாம ரெண்டு பேரு. மீதி மூணு பேரு யாரு?"

அப்படித்தான் நாம் மறுபடி பேச ஆரம்பித்தோம். அந்த மூன்று பேரை நீயே படுத்த படுக்கையில் தேடிப் பிடித்தாய். சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் பழைய மில் தொழிலாளி ஒருவர், கண் காட்ட வேண்டிய எதிர்வீட்டு அக்கா, அந்தப் பக்கம் தையல் வகுப்பு நடத்தும் தெருக்கோடி வீட்டுப் பெண். வாராவாரம் செவ்வாய்க்கிழமை என் கார் ஷேர் ஆட்டோ மாதிரி கிளம்பியது. முன்னால் தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு நீ. "செவப்பு வுழுந்திருச்சி, கால எடு. உருளட்டும்." பின்னால் மூவரும் உருளும் காரில் சாமி கும்பிட்டுக்கொண்டு வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நம் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு பேஷண்ட்டுக்கு ஒருத்தர்தான் கூட வரணும்" என்றாள். "இவங்க எங்கூட வரல சிஸ்டர், காரோட வந்தாங்க" என்றாய். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்த வேறு இரண்டு நோயாளிகளிடம் அவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள், எப்படிப் போகிறார்கள் என்று விசாரித்தாய். அடுத்த வாரம் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, திரும்பும்போது நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். நல்ல வெயில். நெல்லித்தோப்பு தாண்டும்வரை நீ ஒன்றும் சொல்லவில்லை. சிக்னலைப் பற்றிக்கூட. அப்புறம் கண்ணை மூடியபடியே, "கொஞ்சம் ஏசி போடேன்" என்றாய்.

அந்த மாதங்களில் எத்தனையோ ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருந்தேன். எதிலும் புரியாதது எனக்கு அந்த ஒரு பேச்சில் புரிந்தது. பொத்தானை அழுத்தினேன். நீ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாய்.

"ஒண்ணுல வெய்யி. ரெண்டு வாணாம்."

அதற்குப் பிறகு நாம் ஐந்து செவ்வாய்க்கிழமைகள் போனோம்.

நீ போன பிறகும் என் கார் காலியாகப் போகவில்லை. காலாப்பட்டுச் சாலையில் வேலைக்குப் போகிற மூன்று பெண்கள் என்னோடு வருகிறார்கள். ஆனால் யாருமே முன்னால் உட்கார மாட்டார்கள். நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பின்னால் மூவரும் பைகளோடு நசுங்கிக்கொண்டு வருவார்கள். உன் இடம் சும்மா இருக்கும். இப்படிப் பல வாரம் போனது. ஒருநாள் காலையில் நம் தெருவில் மீன் விற்கும் வீராம்பட்டினத்து அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். முத்தியால்பேட்டை வரை போக வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் முன்கதவைத் திறந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அது மீன் வாடைக்காக இல்லை.

அந்த அக்கா திரும்பி அவர்களைப் பார்த்தார். "இம்மாம் பெரிய எடத்த வெச்சிக்கினு ஏம்மா அப்பிடி நசுங்கிக்கினு வர்றீங்க?"

வண்டியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது. எனக்கு அவ்வளவு சிரிப்பு. சிரிப்பென்று சொல்கிறேன், பின்னாலிருந்த பெண் கைக்குட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி. எங்கேயும் ஒரு இடம் சும்மா கிடந்தால் பொறுப்பதில்லை. காரில் மட்டும் இல்லை. போன தை மாதம் எங்கள் சாப்பாட்டு மேசையில் நாலாவது நாற்காலி மேல் துணி மூட்டை கிடந்ததைப் பார்த்தேன். மூட்டையை எடுத்து உள்ளே போட்டுவிட்டு, உன் வீட்டுக்குப் போய் உன் வீட்டுக்காரரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். "பசியில்லம்மா" என்றார். நான் கேட்டிலேயே நின்றேன். அரைமணி நேரம் கழித்து, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வருகிறார். முதல் தடவை வந்தபோது மீன்குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"அவ வெக்கிற மாதிரி இல்லம்மா" என்றார்.

"தெரியும்ணா" என்றேன்.

தட்டை முன்னால் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.